எல்லா வாசலும் ஏறிய நாட்கள்

எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும், கட்சி ஆண்கள் எல்லாரும் வீட்டுப் பெண்களின் ஆதார் அட்டையைத் தேட ஆரம்பித்தார்கள். செஞ்சியில் இதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. பெண்டாட்டி நிற்பாள், புருஷன் ஓட்டுக் கேட்பான், ஜெயித்த பிறகு புருஷனைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் நான் நின்றேன்.

நிற்கச் சொன்னவள் மூலை வீட்டுக்காரி. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்கு என் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைப்பவள். "உனுக்குத்தான் பேச வரும் டீச்சர். நீ நில்லு, நாங்கல்லாம் பின்னாடி வர்றோம்" என்றாள். குழாயடியில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சுயேச்சையாக மனுப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூலை வீட்டு வாசலில் கட்சிக்கொடி பறக்கிறது.

"இன்னா பண்றது டீச்சர், வூட்டுக்காரரு கட்சில இருக்கறாரு. மனசு உன்னாண்டதான் இருக்குது" என்றாள். மனசைப் பதிவு செய்யும் மெஷின் இன்னும் வரவில்லையே என்றேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நோட்டீஸ் அடிக்கிற கடையில், "சார் போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார்கள். அவர் இல்லை என்றேன். "இறந்தவங்க போட்டோவும் போடலாம்மா, மாலை போட்ட மாதிரி செஞ்சி தர்றன். லேடீஸ் மட்டும் தனியா இருந்தா ஒரு மாதிரி இருக்குது" என்றான் கடைக்காரன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், மீதியிருந்த இடத்தில் எனக்குக் கிடைத்த சின்னத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தான். சின்னம் தண்ணீர்க் குழாய். போன வீட்டிலெல்லாம், "இந்தக் குழாய்லயாவது தண்ணி வருமா டீச்சர்?" என்று கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

தண்ணீருக்காகத்தான் நின்றேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அது இல்லை. அவர் போன பிறகு ஒரு வீட்டு வாசலை ஏறுவதற்கு எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காலையில் யாராவது வெளியே கிளம்பும்போது எதிரில் வரக் கூடாது, வளைகாப்புக்குப் போனால் பின்வரிசையில் உட்கார வேண்டும். யாரும் வாயால் சொல்வதில்லை. நாமே தெரிந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேட்பாளருக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கை கூப்பிக்கொண்டு எந்த வாசலிலும் நிற்கலாம், யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். மனுப் போட்ட அன்றே இது என் மனதில் ஓடியது. அதனால்தான் துணைக்கு ஒருவரும் வராதபோதும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. சென்னையில் இருக்கும் என் மகன் போனில், "உனக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன்?" என்றான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

கோட்டை மலையின் பாறைச் சூடு இறங்கும் ஐந்து மணிக்குக் கிளம்புவேன். தனி ஆளாக, கையில் நோட்டீஸ் கட்டோடு. ஒரு வீட்டையும் விடக் கூடாது என்று வைத்திருந்தேன். அப்படித்தான் எதிர்த்து நின்ற பெண்ணின் வீட்டுக்கும் போனேன்.

அவள் சிங்கவரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், முப்பது வயது இருக்கும். அவளுடைய புருஷன் மேளத்தோடும் ஆட்களோடும் அவளுக்காக ஓட்டுக் கேட்கப் போயிருந்தான். அவள் வீட்டில் அத்தனை பேருக்கும் சமைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் புருஷனுக்குச் சுற்றுவதற்காக வாசற்படி ஓரம் தட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். நான் கை கூப்பி, "உன் ஓட்டையும் எனக்குத்தான் கேக்கறன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுவரைக்கும் என்னாண்ட யாருமே ஓட்டுக் கேக்கல டீச்சர். நானே ஒரு வூட்டுக்கும் போவல. போட்டோவுக்கு மட்டும் கூப்ட்டாங்க" என்றாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் நிக்கறவங்கதான, வாசல்ல வந்தவங்கள சும்மா அனுப்பக் கூடாது" என்று தட்டைத் தூக்கினாள். மூன்று சுற்றுச் சுற்றினாள். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பெருவிரலைத் தட்டில் தோய்த்து என் நெற்றியில் வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே திரும்பிப் பார்த்தாள். உள்ளே மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "கை பழக்கம் டீச்சர். யாராண்டயும் சொல்லிடாதீங்க. அவருக்குக் கரைச்சி வச்சத உங்களுக்குச் சுத்தனன்னு தெரிஞ்சா, தோத்துட்டா எந்தலையிலதான் விடியும்" என்றாள். சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

தெருமுனையில் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை எழவில்லை. இந்தக் காலத்தில் என்னைப் போன்றவர்கள் ஸ்டிக்கர் பொட்டு வைப்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆரத்திப் பொட்டு வேறு. அதை நமக்கு இன்னொருவர் வைத்துவிட வேண்டும். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு கை என் நெற்றியைத் தொட்டிருந்தது. நான் அதோடேயே மீதி வீடுகளுக்கும் போனேன். சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவில்லை. அன்று யாரும் நோட்டீஸைப் பார்க்கவில்லை. எல்லோரும் என் நெற்றியைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் குழாயடியில் மூலை வீட்டுக்காரி என்னைத் தனியே இழுத்தாள். "ஓட்டுக்காக நீ ஆரத்திப் பொட்டு வச்சிக்கினு சுத்துனியாம்னு ஊரே பேசுது. யாரு வச்சது டீச்சர்? சொல்லு, நான் நாலு பேராண்ட சொல்லிச் சரி பண்ணிடறன்."

பெயரைச் சொன்னால் என் மானம் தப்பும். அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "நானேதான் வச்சிக்கினேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகும் வாசல்கள் திறந்தன. ஆனால் யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

ஓட்டு எண்ணிய அன்று டெபாசிட் போனது. எனக்கு விழுந்த ஓட்டு, ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் கூட்டம்கூட இல்லை. சாயந்திரம் வெற்றி ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. ஜீப்பில் புருஷன் முன்னால் நின்றான், ஜெயித்த அந்தச் சிங்கவரத்துப் பெண் மாலையோடு பின்னால் நின்றாள். ஒவ்வொரு வாசலிலும் ஆரத்தி. மூலை வீட்டுக்காரிதான் எல்லாருக்கும் முன்னால் தட்டோடு ஓடினாள். தட்டெடுக்க எனக்கு முறையில்லை, அதனால் வாசலில் சும்மா நின்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உதடு ஏதோ சொல்ல வந்தது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கை கூப்பினாள். ஜீப் என் வாசலில் நிற்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் வலித்தது.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு, பழக்க தோஷம், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். நாலாவது வீட்டு வாசலில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போன வாரம்தான் எனக்குச் சேர் எடுத்துப் போட்டு மோர் கொடுத்தவள். படியில் கால் வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா டீச்சர்? அதான் எலெக்ஷன் முடிஞ்சிடுச்சே?"

ஆமாம், முடிந்துவிட்டது என்று சொல்லிப் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டேன்.