மூன்றாம் தரம் கேட்கும் வரை

பிள்ளைகளே, டண்டினொங் என்ற ஊரின் சரக்குக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கிய யூத நண்பர் ஒருவர், 2011 இல் உள்ளூர் நாடக அரங்கில் தனியாளாக நின்று சிரிப்பு நிகழ்ச்சி நடத்தினார். வேலையிடத்திலிருந்து என்னை மட்டும்தான் அழைத்திருந்தார். என் ஆங்கிலத்துக்குப் பகிடி விளங்காமல், உம்மென்று இருந்து அவர் மனதை நோகடித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

"பக்கத்தில இருக்கிறவை சிரிச்சா நீங்களும் சிரியுங்கோவன்," என்றார் உங்கள் அம்மா.

முதலில் அப்படித்தான் சிரித்தேன். பிறகு நண்பர் மேடையில் தன் தகப்பனாராக மாறினார். நாட்டுக்குப் புதிதாக வந்த அவரிடம் ஒரு வீட்டில் கேக் வேண்டுமா என்று கேட்கிறார்கள். எங்களைப் போல அவர்கள் வீட்டிலும் முதல் தரமே ஓம் என்பது மரியாதை இல்லையாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று காத்திருக்கிறார். வீட்டுக்காரரோ கேக்கைக் கொண்டுபோய்ப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறார். தகப்பனார் அந்தப் பிரிட்ஜையே பார்த்தபடி இருக்க, அரங்கில் எல்லாருக்கும் முதல் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் இப்படித்தான் தேத்தண்ணி இல்லாமல் நின்றேன்.

முடிந்ததும் நண்பர் கேக் தட்டோடு வந்தார்.

"வேணுமோ?"

"ஐயோ, வேண்டாம்," என்றது என் வாய்.

அவர் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "பயப்படாதையும், இன்னும் ரெண்டு தரம் கேப்பன்."

கேட்டார். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பஸ் தரிப்பிடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. "யெஸ், பிளீஸ்" என்று ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.