மூன்று துளையும் ஒரு கடப்பும்

மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நானும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். அவர் வெட்டித் தந்த துண்டுகள் நான் தெரிந்தெடுத்த செப்பலி மீனினுடையவைதானா என்று வீட்டுக்கு வந்து தலையோடு வாலைப் பொருத்திப் பார்த்ததும் உண்டு. கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் நான். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று விடைத்தாள்களில் தேடித் தேடி மூளையே அப்படி ஆகிவிட்டது. "உங்களுக்கு உங்கட நிழல்லயும் சந்தேகம்" என்பாள் என் மனைவி. பொய்யில்லை. அந்தப் புத்தியால்தான் ஒரு லப்டொப்பின் மூன்று துளைகளுக்காகச் சகலனைப் பகைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் கட்டியவன் பெண்வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அப்படிக் கிரான் ஊரில் என் மனைவியின் வீட்டு வளவுக்கு நான் வந்தேன். அவளுடைய ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டு அடுத்த வளவுக்குச் சகலன் வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு கடப்பு. அதற்குப் படலைக் கதவுகூடக் கிடையாது. அக்காவும் தங்கையும் கறிக்கோப்பையோடு அதற்குள்ளால் போவதும் வருவதுமாகத்தான் இருப்பார்கள்.

சரஸ்வதி பூசை முடிந்து மூன்றாம் நாள், வினாத்தாள் அச்செடுப்பதற்காகப் பிரிண்டர் வயரை லப்டொப்பில் செருகினேன். வழக்கமாக ஒரு 'டிங்' சத்தம் வரும். வரவில்லை. பென்டிரைவைச் செருகினேன், அதன் சின்ன விளக்கு எரியவில்லை. மவுஸின் அடியில் இருக்கிற சிவப்பு வெளிச்சமும் இல்லை. இடப்பக்கம் இரண்டு துளை, வலப்பக்கம் ஒன்று. மூன்றும் ஊமை.

விடுவேனா? நிறுத்திப் போட்டேன். வாயால் ஊதினேன். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கைபேசியில் பார்த்த வீடியோவில் ஒருவர் அப்படிச் செய்யச் சொன்னார். டிவைஸ் மனேஜருக்குள் போய், யூஎஸ்பி என்று எழுதியிருந்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடக்கினேன். அழித்ததெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தது, செருகினது மட்டும் தெரியவில்லை. அதே பென்டிரைவைப் பாடசாலைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உடனே திறந்தது. ஆகவே பிழை பென்டிரைவில் இல்லை, துளையில்.

இதுவரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன். அடுத்ததாக, துளைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். நான் யார் செய்தது என்று கேட்டேன்.

ஆளும் கையோடு கிடைத்தான். பூசைக்கு முதல் நாள் சகலன் ஆட்டோவுக்குப் பாட்டு ஏற்ற வந்திருந்தான். அவனுடைய பென்டிரைவ் ஆட்டோத் திறப்போடு, வீட்டுத் திறப்போடு, ஒரு பித்தளை வேலோடு ஒரே சாவிக்கோர்வையில் கிடக்கும். அதைக் கழற்றமாட்டான். அப்படியே செருகுவான்; கோர்வை முழுக்கத் தொங்கித் துளையைக் கீழே இழுக்கும். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. அவன் பாவித்தது ஒரு துளையைத்தானே, மற்ற இரண்டும் எப்படிச் செத்தன என்ற கேள்வி எனக்கும் வராமல் இல்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்: வைரஸ். ஊரெல்லாம் பாட்டு வாங்கித் திரிகிற பென்டிரைவ்தானே!

டவுனில் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போங்க சேர், ரெண்டு நாளால வாங்க" என்றார். உள்ளே கிடக்கிற நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் போட்டுத் தந்தால் எனக்கு எப்படித் தெரியும்? "எனக்கு முன்னுக்கு வச்சிக் கழட்டுங்க" என்றேன். "அப்ப நீங்களே கழட்டுங்க சேர்" என்று சிரித்தபடி லப்டொப்பை என் கையில் தந்தார். அந்தக் கோபத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே கடப்படிக்குப் போய்ச் சகலனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, என்ர லப்டொப்ப என்ன செஞ்சீங்க?"

"நானா? பாட்டு மட்டும்தான் ஏத்தினன் அண்ணன்."

"திறப்புக் கோர்வையோட தொங்கவிட்டுத்தானே ஏத்தினீங்க? நல்லா இருந்த சாமான். நீங்க தொட்ட பிறகுதான் செத்துக் கிடக்கு. செஞ்சா செஞ்சன் எண்டு சொல்லணும். ஒளிக்கிறது நல்ல பழக்கமில்ல."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். "உங்களுக்கு அப்படித் தெரிஞ்சா சரி அண்ணன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

அடுத்த நாள் காலையில் கடப்புக்குக் குறுக்கே இரண்டு கம்புகள் நின்றன. நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. என் மனைவி கறிக்கோப்பையோடு போனவள் அந்தக் கம்புகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

"உங்கட லப்டொப் போனாப் போகட்டும். என்ர தங்கச்சிர கடப்ப எனக்குத் திறந்து தாங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டால் சுற்றிப் போனாள். நானோ, பிழை செய்தவனுக்கே இவ்வளவு ரோசமா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு திரிந்தேன். அவன் மீது இன்னும் வலுவான சாட்சி தேடித்தான், சனிக்கிழமை பின்னேரம் டோர்ச்சை எடுத்து அந்தத் துளைகளுக்குள் அடித்துப் பார்த்தேன். வளைந்திருக்கும், உடைந்திருக்கும், மாட்டினான் பார் என்று நினைத்தேன்.

ஒன்றும் வளையவில்லை. உள்ளே மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. ஊருக்குப் பக்கத்து உப்பு வாவியின் காற்றுத்தான் இப்படித் துருப்பிடிக்க வைத்துவிட்டதோ என்று யோசித்தேன். துரு இந்த நிறத்திலா இருக்கும்? லப்டொப்பை நிறுத்திவிட்டு, பல்குத்துகிற குச்சியால் மெல்லச் சுரண்டினேன். காய்ந்த தூள் உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

ஐயோ, என்ர கடவுளே! பூசையன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் லப்டொப்பையும் வைத்திருந்தோம். போன வருடம் மூடியில் வைத்த சந்தனம் கறை பிடித்துப் போகவே இல்லை. அதனால் இந்த முறை, மூளைக்காரன் நான், மூடியை விட்டுவிட்டு ஓரத்தில் வைத்தேன். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு பொட்டு. மோதிர விரலால், பக்தியோடு, நன்றாக அழுத்தி. அடுத்த நாள் காலையில் ஈரத்துணியால் துடைத்து, மிச்சத்தையும் உள்ளே தள்ளினேன். பொட்டு வைத்த நேரம் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றது சகலன்.

பழைய பிரஷ் ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்து, ஃபேனுக்குக் கீழே காயவிட்டுச் செருகினேன். 'டிங்'. இரண்டு துளைக்கு உயிர் வந்தது. மூன்றாவது இன்றுவரை ஊமைதான். சத்தம் கேட்டு என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். என் உள்ளங்கையில் இருந்த மஞ்சள் தூளை அவளிடம் நீட்டினேன். மணந்து பார்த்தாள். குசினி அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கடப்படிக்குப் போனேன். அந்தப் பக்கம் சகலன் ஆட்டோ கழுவிக்கொண்டு நின்றான்.

"தம்பி, அது சந்தனம். நான் வச்ச சந்தனம்தான் துளைக்குள்ள போய் அடைச்சிருக்கு. நீங்க ஒண்டும் செய்யல்ல. நான் சொன்னதெல்லாம் பிழை."

அவன் தண்ணீர்க் குழாயைப் பூட்டினான். "தெரியும் அண்ணன்."

"தெரியுமா?"

"பக்கத்திலதானே நிண்டன். உள்ளுக்குப் போகுதே எண்டு அப்பவே பாத்தன்."

"அப்ப ஏன் சொல்லல்ல? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, 'என்ர லப்டொப்பில உங்களுக்கு என்ன பார்வை?' எண்டு கேப்பீங்க."

கேட்டிருப்பேன். இதே சொற்களால், இதே குரலில் கேட்டிருப்பேன். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். முடிச்சு வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது, நகம் நொந்தது. சகலன் உதவிக்கு வரவில்லை. உள்ளே போகவும் இல்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பின்னால் என் மனைவி கறிக்கோப்பையோடு வந்து காத்து நின்றாள்.