பத்தாம் நம்பர் ஸ்பேனர்

அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில் வேனை நிறுத்தி, வாடகைக்கு ஹயர் ஓடுகிறவன் நான். ரயில் வந்து வெள்ளைக்காரர்கள் இறங்கும்வரை எங்கள் யாருக்கும் வேலை கிடையாது. அந்த நேரத்தில் ஒருவன் பொனட்டைத் தூக்குவான், இன்னொருவன் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போவான். இந்த வளைவுகளில் ஏறி இறங்கும் வண்டியில் தினமும் ஏதாவது ஒன்று தளர்ந்துபோகும். அதற்கெல்லாம் கராஜுக்குப் போனால் அன்றைய பிழைப்பு போய்விடும்.

பொனட்டைத் தூக்கியவன் அடுத்து நேராக நீல வேன்காரனிடம்தான் போவான். நீல வேன்காரன் வண்டியின் பின்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே, மேல்பக்கம் வெட்டிய ஒரு பழைய எண்ணெய்த் தகரம். அதற்குள் கறுத்துப்போன ஸ்பேனர்கள், குறடு, சுத்தியல், வளைந்த ஸ்க்ரூ டிரைவர், எல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். கேட்டவன் கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொள்வான். வேலை முடிந்து போட வந்தவன் அங்கேயே நின்று, பால் விடாத பிளேன்டீ குடிப்பான். நீல வேன்காரனுக்கு என்னைவிட வண்டி வேலை தெரியும் என்றாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஃபேன் பெல்ட் அறுந்தால் என்னைத்தான் கூப்பிடுவான்.

கூட்டம் நிற்கும் இடத்தில்தான் ஹயரும் இருக்கும். கையில் ஒரு ஹயர் இருக்கும்போது இன்னொன்றுக்கு ஃபோன் வந்தால், டிரைவர் திரும்பிப் பார்த்து, கண்ணில் படுகிறவனுக்குத் தள்ளிவிடுவான். கண்ணில் படுகிறவன் எப்போதும் நீல வேன் பக்கம் நிற்கிறவன். நான் என் ஸ்டியரிங்குக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடமும் நாலு பேர் ஸ்பேனர் கேட்க வரவேண்டும் என்ற ஆசை எனக்குள் வெறியாகவே வளர்ந்தது.

"பதுளைக்குப் போறேன். நல்ல செட் ஒண்ணு வாங்கணும்" என்றேன் மனைவியிடம்.

"ஒங்களுக்கு ஸ்பேனர் வேணுமா, இல்ல அந்த மனுசன் வயிறு எரியணுமா?"

"ரெண்டுந்தான்."

என் வேனிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முதல் கடையில் எடுத்துக் காட்டிய ஸ்பேனர், போல்ட்டைப் பிடிப்பதற்கு முன் லேசாக ஆடியது. அப்படி ஆடுகிற சாமான் நட்டின் மூலைகளைத் தின்று உருண்டையாக்கிவிடும். அடுத்த கடையில் பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் வளையம் தடிப்பு. இன்ஜின் இடுக்குக்குள் நுழையாது. பழைய இரும்புக் கடையொன்றில் ஜப்பான் சாமான்கள் குவிந்து கிடந்தன. மெல்லிசாக, கைக்கு அடக்கமாக, போல்ட்டில் வைத்தால் அசையாமல் கவ்வின. இருந்ததிலேயே நல்ல சாமான் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கறுத்துப்போய், அசல் நீல வேன்காரனின் தகரத்தில் இருப்பவை போலவே இருந்தன. காறித் துப்பாத குறையாக அங்கிருந்து வெளியே வந்தேன்.

கடைசிக் கடையில் புதுச் செட் ஒன்று வைத்திருந்தார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் வடிவில் ஒரு பள்ளம், அதில் அது பளபளவென்று படுத்திருக்கும். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போல்ட்டில் வைத்துப் பார்ப்பதைக் கண்டு முதலாளி சிரித்தார்.

"என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க?"

"நாலு பேரு பாத்து மெச்சணும் முதலாளி."

மறுநாள் பின்கதவைத் தூக்கிவைத்து, பெட்டியை விரியத் திறந்து வைத்தேன். எல்லோரும் வந்தார்கள். "ஆ, சோக்கா இருக்கே அண்ணே" என்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பிறகு நீல வேனுக்குப் போய்த் தகரத்தைத் துழாவினார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அதே கதைதான்.

கடைசியில் த்ரீவீல் ஓட்டுகிற ஒருவரை மறித்துக் கேட்டேவிட்டேன். என் வயதுக்காரர், மனதில் பட்டதை அப்படியே சொல்கிறவர்.

"ஏங்க, என் சாமான்ல என்ன கொறை?"

"கொறையே இல்லங்க. ஒண்ண எடுத்தா அந்த எடம் பல்லு விழுந்த மாதிரி தெரியுது. திருப்பி வைக்கிற வரைக்கும் கள்ளன் மாதிரி இருக்குங்க. தகரத்துல யாரு எதை எடுத்தான்னு யாருக்குத் தெரியும்?"

அன்றைக்கே ஸ்பேனர்களை உருவிவிட்டு, பெட்டியை வீட்டுப் பரணில் எறிந்தேன். நானும் ஒரு எண்ணெய்த் தகரத்தை வெட்டி, அத்தனையையும் அதில் கொட்டினேன். கொட்டும்போது ஒன்றோடொன்று மோதிய சத்தம் என் நெஞ்சில் கீறியது. ஆனால் பலித்தது. மறுநாள் காலையிலேயே அதே த்ரீவீல்காரர் கையை விட்டு, பத்தாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சொந்தமாக ஒரு தோட்டமே கிடைத்த மாதிரி இருந்தது.

ஸ்பேனர் திரும்பி வரவில்லை. கேட்டால் அற்பன் ஆகிவிடுவேன் என்று கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில், ரயில் வரும் நேரம் பார்த்து என் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தது. அதற்கு வேண்டியது பத்தாம் நம்பர்தான். வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நீல வேனுக்கு நடந்தேன்.

தகரத்தில், கறுத்த சாமான்களுக்கு மேலே, என் பத்தாம் நம்பர் மின்னிக்கொண்டு கிடந்தது. எடுத்தவர் வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் இங்கே போட்டிருக்கிறார்.

"எடுங்கண்ணே" என்றான் நீல வேன்காரன். "நல்ல சாமான். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. வேல முடிஞ்சா மட்டும் இங்கேயே போட்டுருங்க."

'இது என்னுடையது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்தாறு பேர் கையில் பிளேன்டீயோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"இது யாரோடது?" என்று மட்டும் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? இந்தத் தகரத்துல என்னோடது ரெண்டோ மூணோதான் இருக்கும். மத்ததெல்லாம் யார் யாரோ போட்டுட்டுப் போனதுண்ணே."

அவன் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! இத்தனை காலமும் நான் வயிறெரிந்தது அவன் சாமானைப் பார்த்துக்கூட இல்லை என்று ஆகிவிட்டது. என் ஸ்பேனரை அவனிடம் இரவல் வாங்கிக்கொண்டு போய் டெர்மினலை இறுக்கினேன். வண்டி ஒரே முறையில் கிளம்பியது. என் தகரம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஐந்தாறு ஜோடிக் கண்கள். திரும்பப் போய், அவன் தகரத்தில் போட்டேன்.

போட்ட கைக்கு யாரோ ஒரு பிளேன்டீயைக் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு டிரைவர் ஃபோனைக் காதில் வைத்தபடி திரும்பினான்.

"அண்ணே, எல்ல டவுனுக்கு ஒரு ஹயர். நம்மால முடியாது, நீங்க போறீங்களா?"

"போறேன்" என்றேன்.

வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருவன் வேலையை முடித்து, பத்தாம் நம்பரைத் துணியில் துடைத்து, நீல வேன்காரன் கையிலேயே கொடுத்து, "ரொம்ப உதவிண்ணே" என்றது திறந்த ஜன்னல் வழியே கேட்டது. நீல வேன்காரன் பெரிய மனுசனைப் போலத் தலையாட்டினான். அந்த நன்றி எனக்கு வரவேண்டியது. எல்ல போய்ச் சேரும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது.