எக்ஸ்ரே திறந்த ஐந்தாவது பெட்டி

பாடப்புத்தகப் பெட்டி வந்தால் அதை அந்த அம்மா மேல்பக்கமாகத் திறப்பதே இல்லை. கூரியர்காரர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் அதைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்து ஒட்டுநாடாவைக் கத்தரிக்கோலால் கீறுகிறார். "நல்லதையெல்லாம் மேலதான் அடுக்குவாங்க. மட்டமானது எங்க இருக்கும்? அடியிலதான்." அடியிலிருந்து முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் விடைக் கையேடு. அதை நடுவில் பிரித்து, ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்து, விடை சரியாக இருந்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் மூடுகிறார்.

எங்கள் கட்டடத்தில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். வைத்தது மூன்றாம் மாடிக்காரர். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இன்றைக்கும் வயிற்றெரிச்சல். விமான நிலையத்தில் பயணிகளின் பைகள் ஊர்ந்து போகும் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, திரையில் கத்தி தெரிகிறதா, கத்தரி தெரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்களாம், கண் மரத்துப் போகும் என்று. இடையிடையே எந்திரமே யாரோ ஒருவருடைய பைக்குள் இல்லாத துப்பாக்கி ஒன்றை வரைந்து காட்டுமாம், பார்க்கிறவர் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று சோதிக்க. பதினோரு வருடத்தில் ஒரு பொய்த் துப்பாக்கியைக்கூடத் தவறவிட்டதில்லை என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, நான் நம்புகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

விடியற்காலையில் போனால் பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பிவிடுவார். அவர் உள்ளே நுழையும்போது கணவர் வெளியே கிளம்புவார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு பேரும் வாசலில் கைமாற்றிக்கொள்வது ஒரு சாவிக்கொத்தையும் ஏழு வயது மகளையும். மகளை வண்டு என்று கூப்பிடுகிறார்கள். ஓரிடத்தில் உட்காராது, எதையாவது முனகிக்கொண்டே இருக்கும், பொருத்தமான பெயர்தான்.

வண்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கப்போவதாக அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளையை ஊரோடு ஒட்டவிடாமல் வளர்க்கிற பெற்றோரைக் கண்டால் எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தோடு ஏதோ தகராறு, வீம்புக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். அப்படியே கேட்டும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 'வாசிப்பு: மிக நன்று' என்று பச்சை மையில் இருந்தது. "நல்லாருக்குல்ல? எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஒருநாள் அவ படிக்கறப்ப படத்து மேல சும்மா கைய வெச்சேன் அண்ணா. அவ்ளோதான். வாயே தொறக்கல. யானை படம் தெரிஞ்சா யானைங்கிறா. படம் தெரியலன்னா பக்கத்துல யாரு என்ன சொல்றாங்கன்னு பாக்கறா. முப்பத்தி ரெண்டு பிள்ளைங்க சேந்து கத்துற எடத்துல யாருக்குத் தெரியும்?" டீச்சரிடம் போய்ச் சொன்னாராம். போகப் போக வந்துவிடும் என்று டீச்சர் சொன்னாராம். "எங்க போகப் போக? படிக்கத் தெரியாததுகூடப் பரவால்ல. தெரிஞ்ச மாதிரி காட்டப் பழகிட்டா பாருங்க, அதுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல."

நான் அட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கல்வி அலுவலகம் மூன்று மாதம் தவணை கொடுத்தது. அதன் கடைசியில் ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவார். வண்டு அவர் முன்னால் ஒரு பக்கத்தைப் படிக்க வேண்டும். வயதுக்கு ஏற்றபடி படித்தால் வீட்டுக் கல்வி தொடரலாம். இல்லையென்றால் மறுபடியும் அதே வகுப்பு, அதே முப்பத்து இரண்டு பேர். ஆக, எக்ஸ்ரே செய்ய வேண்டியது ஒரு நல்ல பாடத்திட்டமாகப் பார்த்து வாங்கி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் முடித்திருப்பார்கள்.

இவர் முதல் மூன்று வாரத்தைத் தொலைபேசியிலேயே கழித்தார். பாடப்புத்தகக் கம்பெனிகளுக்குக் கூப்பிடும்போது குரலை மாற்றிக்கொள்வார், தான் ஏதோ பெரிய பள்ளியின் நிர்வாகி போல. மாதிரிப் பாடம் அனுப்புகிறோம் என்பார்கள். "முதல் பாடம் வேண்டாம் சார். முதல் பாடத்த எல்லாரும் நல்லாத்தான் போடுவாங்க. எண்பத்தி நாலாவது பாடத்த அனுப்புங்க." எதற்கு எண்பத்து நாலு என்று நான் கேட்டேன். "அந்த எடத்துக்கு வர்றப்ப எழுதுனவனுக்கே அலுத்துப் போயிருக்கும். அங்கதான் குட்டு வெளிப்படும்."

இரண்டு கம்பெனிகளின் விளம்பரத் தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டிலும் முன்பல் விழுந்த ஒரே பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்றில் அவன் ஆறு மாதத்தில் படிக்கக் கற்றுக்கொண்டான், மற்றதில் தொண்ணூறு நாளில். "நீ எத்தன தடவடா படிக்கக் கத்துக்குவ?" என்று அந்தப் பையனையே கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

போகிற போக்கில் ஒரு நாள், என் நண்பரின் மகள் ஒரு புத்தகத்தில் நன்றாகப் படிக்கிறாள், அதை வாங்கிப் பாரேன் அம்மா என்று சொல்லித் தொலைத்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு எவ்ளோ குடுப்பாங்க அண்ணா, ஒரு பெட்டிக்கு?" எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே கதவைத் தட்டி, "காசு வாங்கிட்டு விக்கறதா இருந்தா நீங்களே சொல்லிருப்பீங்க, தெரியும். கேட்டு வெச்சுக்கறது நல்லதுன்னு கேட்டேன்" என்றார். மன்னிப்பு கேட்பது அவருக்கு அந்த அளவுதான் வரும்.

நான்கு பெட்டிகள் வந்தன, நான்கும் திரும்பிப் போயின. முதலாவதில் வார்த்தைக்கு ஒரு படம், கையை எங்கே என்று வைப்பது. இரண்டாவதில் எண்பத்து நாலாவது பாடத்தில் ஒரு விடை தப்பு. மூன்றாவதும் நான்காவதும் போனதுதான் எனக்கு விளங்கவில்லை. படத்தையெல்லாம் மறைத்தும் வண்டு அவற்றைக் கடகடவென்று படித்தாள். நான் கைதட்டப் போனேன். எக்ஸ்ரே என்னைத் தடுத்தார். "இவ்ளோ சீக்கிரம் எப்படி வரும்? புத்தகம் ஏதோ குறிப்பு குடுக்குது. ஒரே வரியத் திருப்பித் திருப்பிப் போடுறான், பாட்டு மாதிரி மனப்பாடம் ஆயிடுது." புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மறுபக்கம் தெரிகிறதா என்றுகூடப் பார்த்தார். கணவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "எதையாவது ஒண்ண வெச்சுத் தொலையேன். நாள் ஓடுது" என்றார். அதற்கு அவர், "நீங்க காலைல சொல்லிக் குடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்க, மனிதர் தலையிலடித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஐந்தாவது பெட்டி வந்தபோது அதிகாரி வர இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. இந்தப் புத்தகத்தில் படமே கிடையாது. பழுப்புக் காகிதம், பெரிய எழுத்து, அவ்வளவுதான். எக்ஸ்ரேவுக்கு அதன் அசட்டு முகம் பிடித்துப் போயிற்று, அதனாலேயே அதன் மேல் சந்தேகமும் வந்தது. வேலையில் எந்திரம் தனக்குச் செய்வதை இவர் புத்தகத்துக்குச் செய்தார். பத்தாவது பாடத்தில் 'தாத்தா நாற்காலி மேல் உட்கார்ந்தார்' என்று ஒரு வரி. பயிற்சித் தாளிலிருந்து ஒரு வார்த்தையை நறுக்கி, 'நாற்காலி' என்ற வார்த்தைக்கு மேலே, ஓரம் தெரியாமல் ஒட்டினார். இப்போது தாத்தா முட்டை மேல் உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "சும்மா இருங்க, போதும். இன்னொரு கண்ணு வேணும்." மேசைக்கு அந்தப் பக்கம் வண்டு, இந்தப் பக்கம் நாங்கள் இருவர். வண்டு அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். மூன்று வரி தடையில்லாமல் வந்தது. நாலாவது வரி: "தாத்தா முட்டை மேல் உட்கார்ந்தார்." எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வண்டு ஐந்தாவது வரிக்குப் போய்விட்டாள்.

எக்ஸ்ரேவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மனப்பாடம் இல்லை, படம் இல்லை, மாற்றி ஒட்டிய வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டாளே. அப்புறம் அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"மாமா சிரிச்சாரே. நீ ஏன்டி சிரிக்கல?"

"எங்க சிரிக்கணும்?"

"தாத்தா எது மேல உக்காந்தாரு, சொல்லு பாப்போம்."

வண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல."

"இப்பதான படிச்ச?"

"நீ சொன்ன, நா சொன்னேன்."

"நா எங்க சொன்னேன்?"

"வாயால சொன்னியே. சத்தம் வராம. எப்பவும் சொல்லுவியே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் இத்தனை நாளும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவைப் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், ஆமாம், வண்டு படிக்கும்போது ஒரு வார்த்தை முன்னதாக அவர் உதடு அசையும், காற்றாக ஒரு முணுமுணுப்பு. கம்பெனிக்காரர், டீச்சர், கணவர், நான் என்று ஒருவர் பாக்கியில்லாமல் துருவிய பெண்மணி தன் வாயை மட்டும் சோதனை போடவில்லை.

"நாலு பெட்டியத் திருப்பி அனுப்பிட்டேன் அண்ணா. ரெண்டு மாசத்துக்கு மேல போச்சு. பள்ளிக்கூடத்துல நடந்ததத்தான நானும் பண்ணிருக்கேன்." குரல் உடைந்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இதையே வெச்சுக்கலாம்" என்று எழுந்தார்.

எழுந்து, தன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, வண்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இரண்டு நொடி கழித்து மறுபடி எழுந்து வந்து, "நீங்களுந்தான்" என்று என் நாற்காலியையும் திருப்பினார். வகுப்பில் தண்டனை வாங்கிய இரண்டு பேர் மாதிரி நாங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா, நீ பாக்கலியா?"

"பாக்கல. நாலாவது வரிய மட்டும் படி. மெதுவாப் படி. தப்பா வந்தாலும் படி."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. 'தா' வந்தது, 'தாத்தா' வந்தது, மறுபடி ஒன்றுமில்லை. வார்த்தையை எடுத்துக்கொடுக்கத் தலையைத் திருப்பப் போனேன். எக்ஸ்ரே பார்க்காமலேயே என் சட்டைக் கையை இறுகப் பிடித்தார். "மு..." என்றாள் வண்டு. நிறுத்தினாள். "மூ... இல்ல, மு... ட்... ட..." விரல் காகிதத்தில் தேய்கிற சத்தம் கேட்டது. "டை. முட்... டை. முட்டை. மே... மேல்." அப்புறம் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

எக்ஸ்ரே என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் நிறைந்து வழிந்தன. அந்தக் கண்ணோடு அவர் முதலில் பார்த்தது என் உதட்டைத்தான்.