கிரேக்கப் பாணி மேடையும் குகன் அண்ணையின் முழங்காலும்

வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறுக்கு இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு கறுப்புப் பட்டையின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தேன். உரிந்து வந்துவிட்டது. அருங்காட்சியக வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கே வயது இருபத்தாறுதான். சொல்வதற்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு சம்பவம்.

1. பலகை மேடை

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன விளையாட்டு அருங்காட்சியகம். அங்கே ஒரு வருட ஒப்பந்தத்தில் கண்காட்சி உதவியாளராகச் சேர்ந்தேன். ஆரம்பகாலச் சர்வதேசத் தடகளப் போட்டிகளைப் பற்றி ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. தட்டெறிதல் பகுதி என் பொறுப்பு.

அந்தக் காலத்தில் தட்டெறிதலில் இரண்டு வகை இருந்தது. ஒன்று, இன்றைக்கும் நாம் பார்க்கும் வட்டத்துக்குள் சுழன்று எறிவது. மற்றது கிரேக்கப் பாணி. பழைய சிலைகளைப் பார்த்து யாரோ உருவாக்கிய முறை அது. முன்பக்கம் சரிந்த சின்ன மேடையில் ஏறி நின்று, சுழலாமல், குனிந்து கையைப் பின்னால் வீசி, நிமிரும் வேகத்தில் எறிய வேண்டும். எறிந்த வேகத்திலேயே மேடையிலிருந்து முன்னால் பாய்ந்து இறங்குவார்கள். சில ஆண்டுகளில் அந்த முறை வழக்கொழிந்துபோனது. எனக்கு அதன்மேல் ஒரு பைத்தியம். இரண்டு புகைப்படங்களையும் பழைய போட்டி விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் வைத்துக்கொண்டு மேடைக்கு வரைபடம் போட்டேன். தச்சர் செய்து கொடுத்தார். திறப்பு நாளில் ஒருவரை உண்மையாகவே எறியவைத்துக் காட்டலாம் என்றதும் என் யோசனைதான்.

எறிய வந்தவர் குகன் அண்ணை. லண்டனின் கிழக்கு ஓரத்தில் குட்மேய்ஸில் இருக்கிறார், பஸ் டிப்போவில் மெக்கானிக். வயது நாற்பத்தேழு. முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான மூத்தோர் போட்டிகளில் பல வருடமாகத் தட்டெறிகிறார். அந்த வருடம்தான் முதல்தடவையாகப் பிரிட்டன் மூத்தோர் அணியில் அவர் பெயர் வந்திருந்தது. போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான்.

"அகதியா வந்த நாட்டின்ர அணிச் சேட்டைப் போட்டு எறியப்போறன் தங்கச்சி," என்றார். "மனிசி இப்பவே அயன் பண்ணத் தொடங்கிட்டா. சேட் இன்னும் வரேல்லை, பழசு ஒண்டை வைச்சுப் பழகுறா."

புதன்கிழமை மேடையில் ஏறிப் பார்த்தார். முன்விளிம்பில் தச்சர் சொரசொரப்பான கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார். அண்ணை இரண்டு தடவை பாய்ந்து இறங்கினார், திருப்தி. பாதுகாப்புப் படிவம் நான் தட்டச்சு செய்தது. 'மேடையில் வழுக்காத பட்டை ஒட்டப்பட்டுள்ளது' என்று அதில் ஒரு வரி. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

2. உரித்தது

வெள்ளிக்கிழமை, மேடையைப் படம் எடுத்துப் பழைய புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டை கண்ணைக் குத்தியது. நூறு வருடத்துக்கு முந்திய மேடையில் சூப்பர்மார்க்கெட் படிக்கட்டின் பட்டை. உரித்தேன்.

திறப்பு நாளான சனிக்கிழமை காலையில் அண்ணை வந்ததுமே கவனித்தார்.

"பட்டை எங்க?"

"அந்தக் காலத்தில வெறும் பலகைதான் அண்ணை. அப்படியே காட்டினாத்தான் வடிவு."

"அவங்கள் சறுக்கி விழேல்லையோ?"

"படத்தில ஒருத்தரும் விழேல்லை."

"விழுந்தவனை ஆர் படம் எடுக்கிறான்," என்று சிரித்தார். சப்பாத்தால் பலகையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். "சரி. நீ எல்லாம் வாசிச்ச ஆள். உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. என்னிடமிருந்த விதிப்பக்கத்தில் மேடையின் நீளம், அகலம், சரிவு மட்டும்தான் இருந்தன. மேற்பரப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாய் விரித்தார்களோ, மண் தூவினார்களோ, யாருக்குத் தெரியும். படத்தில் தெரியாததை இல்லை என்று நானாக முடிவு செய்திருந்தேன். அதற்கு ஆராய்ச்சி என்று பெயரும் வைத்திருந்தேன்.

மேடை வெளியே புல்வெளியில் இருந்தது, காலையில் தூறியிருந்தது. மேடையைத் துணியால் துடைத்தேன். முதல் எறி நன்றாகப் போனது, சனம் கைதட்டியது. இரண்டாவது எறியில் அவருடைய இடக்கால் முன்விளிம்பில் வழுக்கியது. உடம்பு முன்னால் போனது, முழங்கால் பக்கவாட்டில் மடிந்தது. தட்டு கையை விட்டுப் போய்ப் பக்கத்துப் பாதுகாப்பு வலையில் அடித்தது. அண்ணை மேடையிலிருந்து விழுந்தார். புல்லில் இருந்தபடி காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மூண்டு கிழமை," என்று மட்டும் சொன்னார்.

3. ஒட்டியது

எங்கள் மேலாளர் பாலாஜி சென்னைக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்தவர். ஆம்புலன்ஸ் போனதும் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"அபி, ஃபார்ம்ல என்ன இருக்கு? பட்டை இருக்குன்னு இருக்கு. அப்போ மேடையில பட்டை இருக்கணும். திங்கட்கிழமை இன்சூரன்ஸ்ல இருந்து படம் எடுக்க வர்றாங்க."

"நான்தான் உரிச்சனான், பாலாஜி."

"அதை நான் கேக்கவே இல்லையே."

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. நிரந்தர வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருப்பதாக அவர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்ப் புதுப் பட்டை ஒட்டினேன். விளிம்புக்கு நேராக, காற்றுக் குமிழி இல்லாமல், வடிவாக ஒட்டினேன். விபத்து அறிக்கையில் 'எறிந்தவரின் காலணி பொருத்தமற்றது' என்று பாலாஜி எழுதினார். நான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தேன்.

4. குட்மேய்ஸ்

அண்ணையின் முழங்காலில் தசைநார் அறுந்திருந்தது. அணியில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போனது. அது எனக்கு முன்பே தெரியும். தெரியாத ஒன்றை, நான்கு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது அவர் வாசிக்கத் தந்தார். அணி மேலாளரின் மின்னஞ்சல். அருங்காட்சியகத்தின் அறிக்கையைப் பார்த்தாராம். போட்டி நெருங்கும் நேரத்தில் பொருத்தமில்லாத காலணியோடு வேடிக்கை காட்டிய ஒருவரை அடுத்த வருடத் தெரிவுக்கும் எடுக்க முடியாதாம்.

"என்ர சப்பாத்தாம்," என்றார். "பதினொரு வருசமா அதே வகைச் சப்பாத்து."

"அண்ணை, பட்டையை நான் திருப்பி ஒட்டினனான்."

"தெரியும். பிறகு எடுத்த மேடைப் படம் பேப்பரில வந்தது. என்ர காலுக்குக் கீழ இல்லாத பட்டை படத்தில இருந்தது." கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "நீயே வந்து சொல்லுவாய் எண்டு பார்த்தனான். நாலு ஞாயிறு போயிட்டுது."

அன்றைக்கே எல்லாவற்றையும் எழுதினேன். அணி மேலாளருக்கும், இன்சூரன்ஸுக்கும், பாலாஜிக்கும் ஒரே மின்னஞ்சல். பாலாஜி பதில் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்த நாளில் என் பணி அட்டையை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு," என்றார். அணி மேலாளர் நன்றி சொல்லியிருந்தார். அடுத்த வருடப் பட்டியல் போன கிழமையே முடிவாகிவிட்டது, மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஆவணத்தில் இல்லாததை, தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். செய்த தவறை அதே நாளில் சொல்லுங்கள். நான்கு கிழமை கழித்துச் சொன்ன உண்மையால் எனக்கு மட்டும்தான் நித்திரை வந்தது.

பட்டியலைப் பற்றிச் சொல்ல அண்ணையிடம் மறுபடி போனேன். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே இருத்தி, தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தார்.

"கோவமில்லை தங்கச்சி," என்றார். "ஆனா இனி வராத. நீ வந்தா நான் எழும்பி நடக்க வேண்டிக் கிடக்கு."