மகளின் பையில் வைத்த டிரோன்

"நான் சரியாச் சொல்லலையாம்மா? அதான் மாமாவோட டிரோனை எடுத்துக்கிட்டாகளா?" என்று கேட்டாள் என் ஐந்து வயது மகள்.

துபாயில் வேலை பார்க்கும் கணவரிடம் இரண்டு மாதம் இருந்துவிட்டு ராஜபாளையம் திரும்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் என் தம்பி, நாங்கள் கிளம்புமுன் போனில், "வரும்போது ஒரு டிரோன் வாங்கிட்டு வாக்கா. பாப்பா பைக்குள்ள வச்சிரு, அதை யாரு பாக்கப் போறா?" என்றான். வெளிநாட்டிலிருந்து டிரோன் கொண்டுவரத் தடை என்று படித்திருந்தும், அவனிடம் மறுக்க மனம் வரவில்லை. "கேட்டா பொம்மைன்னு சொல்லு" என்று விமானத்திலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

சுங்கச் சோதனையில் பையைத் திறந்த பெண் அதிகாரி, "இது என்ன பாப்பா?" என்றார்.

"பொம்மை" என்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"பச்சப் புள்ளைய ஏம்மா பொய் சொல்ல வைக்கிறீங்க?" என்றபடி அவர் டிரோனை எடுத்துக்கொண்டார். வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். என்னால் நிமிர முடியவில்லை.

ஊருக்கு வரும் காரில்தான் மகள் அப்படிக் கேட்டாள். பொய்யைச் சரியாகச் சொல்லாததுதான் தன் தப்பு என்று நினைத்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் தடையுள்ள எதையும் யார் கேட்டாலும் வாங்கிவர ஒப்புக்கொள்வதில்லை. மகள் பையில் அவள் பொருள் மட்டும்தான். ஆனால் தப்பு அவளுடையதல்ல, என்னுடையது என்று ஐந்து வயதுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? தெரிந்த தாய்மார்கள் எழுதுங்களேன்.