மாசி மகத்துக்குப் போனவர்கள்

சாந்தோம் காஸ்பரைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. கோயில் திருவிழாவா, துக்க வீடா, முதல் ஆளாக வந்து நிற்பான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி, பெரிய மனுஷர்கள் எதிரில் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது.

தொண்ணூற்றெட்டில், அடையாற்றுக்குத் தெற்கே ஏரியும் முள்ளுக்காடுமாகக் கிடந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கென்று அளந்துகொண்டிருந்தார்கள். நாடு முன்னேறுகிறது என்று பேப்பரைத் திறந்தாலே இரைச்சல். காஸ்பர் சூப்பர்வைசராக இருந்த சைட்டில் மட்டும் வேலை நகரவில்லை. ஏரிக்கரை ஓரம் இருளர் குடிசைகள் இருந்தன. அவர்களுக்குப் பட்டா கிடையாது. அவர்களுக்கு முன்னால் அந்த மண்ணில் வேறு யாரும் இருந்ததும் கிடையாது. புல்டோசர் வந்தால் தாயம்மாவும் மற்றப் பெண்களும் குறுக்கே படுத்துவிடுவார்கள். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவான்.

அந்தத் தாயம்மா காஸ்பரிடம் மட்டும் சிரித்துப் பேசுவாள். சிமெண்ட் கொட்டகையில் பாம்பு புகுந்தால் அவளைத்தான் கூப்பிடுவான். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கதை கேட்பான்.

"மாசி மகத்துக்கு அத்தினி பேரும் மாமல்லபுரம் கடலாண்ட போயிருவோம் சாமி. கன்னியம்மாவைக் கும்புடணும். ஒரு ஆளு இங்க தங்க மாட்டோம்," என்றாள் ஒருநாள்.

"எங்க வேளாங்கண்ணி மாதிரின்னு சொல்லு," என்றான் இவனும் சந்தோஷமாக.

அடுத்த வாரம் தி.நகர் ஆபீஸில் மேனேஜர் ஸ்ரீரங்கன் எரிந்து விழுந்தார். "என்ன சூப்பர்விஷன் பண்றேள் காஸ்பர்? நாலு குடிசையைக் காலி பண்ண முடியலையா?"

தனக்கும் விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாவிட்டால் இவனுக்குத் தூக்கம் வராதே! "மாசி மகம் முடியட்டும் சார். எல்லாரும் கடலுக்குப் போயிடுவாங்க, ஈ காக்கா இருக்காது. வந்ததும் நான் பக்குவமா பேசறேன்."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒருத்தர்கூட இருக்கமாட்டாளா?"

அப்போதுதான் காஸ்பருக்குத் தான் உளறிவிட்டது உறைத்தது. வயசானவர்கள் இருப்பார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம். "மாட்டாங்க சார்," என்றான்.

கிளம்புகிற அன்று தாயம்மா வந்து, "குடிசைங்களை ஒரு கண்ணு பாத்துக்க சாமி," என்றாள். போகாதே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தலையைத் தலையை ஆட்டி அனுப்பிவைத்தான், பாவி.

மகத்தன்று காலையில் புல்டோசர் வந்தது. "எங்கேர்ந்து ஆரம்பிக்கறது சார்?" என்று கேட்டான் டிரைவர். காஸ்பர் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கத்தான் பார்த்தான். விட்டால்தானே? வெளியே வந்து கையை நீட்டிக் காட்டினான். மத்தியானத்துக்குள் இடம் மொட்டையாகிக் கம்பி வேலியும் போட்டாகிவிட்டது. அன்று அவன் சோற்றில் கைவைக்கவில்லை.

மறுநாள் மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். தாயம்மா நேராகக் காஸ்பரிடம் வந்தாள். செவிட்டில் ஓங்கி ஒன்று விட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ இல்லாத நேரமா பாத்து வந்துட்டானுங்களா சாமி? நீ இருந்திருந்தா உட்டிருப்பியா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ஆமா தாயம்மா, நேத்து நான் லீவு."

"எனக்குத் தெரியும் சாமி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட தாயம்மா, மடியிலிருந்து பொரியும் வெல்லமும் எடுத்து அவன் கையில் வைத்தாள். கன்னியம்மாவுக்குக் கடற்கரையில் படைத்ததாம். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் அவன் அதைத் தின்ன வேண்டியிருந்தது.